எண்ணூற்று எண்பது ரூபாய்தானே என்பவர்களுக்கு

ஜமாபந்தி சமயத்தில் நடந்தது இது. எங்கள் தெருக்கோடியில் ஓர் அம்மா இருக்கிறார். காட்டு வேலைக்குப் போய்ப் பிழைப்பவர். கணவர் இறந்து மூன்று வருடமாகியும் அரை ஏக்கர் நிலத்தின் பட்டா இன்னும் அவர் பெயரிலேயே கிடக்கிறது. தாலுகா ஆபீசில் கொடுக்க ஒரு மனு வேண்டும் என்று முதல் நாள் இரவு வந்தார். "காலையில வாம்மா, அடிச்சு வைக்கிறேன்" என்றேன். அன்று மதியம்தான் சேலத்தில் ஒரு கடையில் பிரிண்டருக்குப் புது மை கார்ட்ரிட்ஜ் வாங்கி வந்திருந்தேன் என்கிற தைரியம்.

இரவே மாட்டினேன். முதல் பக்கம் சுமாராக வந்தது. இரண்டாவதில் நடுநடுவே வெள்ளைக் கோடுகள். மூன்றாவது பக்கத்தில் சர்வே எண் இருந்த வரியே காணவில்லை. சுத்தம் செய்யும் பொத்தானை இரண்டு முறை அழுத்தினேன். இருந்த கொஞ்ச மையும் அதிலேயே போயிற்று. காலையில் அந்த அம்மா வந்தபோது என்னிடம் இருந்தது பாதி அழிந்த ஒரு தாள். ஜெராக்ஸ் கடை திறக்கும்வரை காத்திருந்து, அடித்து வாங்கி, தாலுகா ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது அன்றைய வரிசை முடிந்துவிட்டது. மறுநாளும் போனார். இரண்டு நாள் கூலி போச்சு. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பரவாயில்லைங்க சார், மிஷினு என்ன பண்ணும்" என்றார்.

மிஷின் மேல் தப்பில்லை என்பது கார்ட்ரிட்ஜைக் கழற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தபோது தெரிந்தது. மேலே ஒட்டியிருந்த லேபிளின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. உரித்தால் அடியில் ஊசி நுழைத்த ஓட்டை, அதன் மேல் பசை. செம்புத் தகடுகளில் ஏற்கெனவே ஒரு பிரிண்டரில் மாட்டிக் கழற்றிய கீறல்கள். யாரோ பயன்படுத்தித் தூக்கியெறிந்ததில் கொஞ்சம் மை ஏற்றி, புது டேப் ஒட்டி, புது அட்டைப் பெட்டியில் போட்டு விற்றிருக்கிறார்கள்.

மறுநாள் பஸ் ஏறிக் கடைக்குப் போனேன். "கவர் பிரிச்சா திரும்ப எடுக்க மாட்டோங்க சார்" என்றார் கடைக்காரர். பிரிக்காமல் எப்படி ஐயா உள்ளே இருப்பது நல்லதா கெட்டதா என்று தெரியும்? தேங்காய்க் கடைக்காரர்கூடத் தட்டிப் பார்க்க விடுகிறாரே! அடுத்த கேள்வி வந்தது: "பில் இருக்குங்களா?"

இங்கேதான் என் தலை குனிந்தது. பெட்டியில் அச்சிட்ட விலை 1,020 ரூபாய். "பில் வேண்டாம்னா 880 கொடுங்க. பில் போட்டா 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும்" என்று அவர் சொன்னபோது மண்டையை ஆட்டிவிட்டு வந்தவன் நான். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் 34 வருடம் வேலை பார்த்தவன். வவுச்சர் இல்லாமல் ஒரு டஜன் கார்பன் தாள் வாங்கினால்கூடப் பாஸ் பண்ணாதவன். அச்சிட்ட விலை என்பதே எல்லா வரியும் சேர்ந்த விலை, அதற்கு மேல் வரி சேர்க்க முடியாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். 140 ரூபாய் மிச்சம் என்ற ஆசை கண்ணை மறைத்தது.

நடைப்பயிற்சி நண்பர்களிடம் சொன்னேன். எல்லோரும் ஒரே குரலில், "எண்ணூற்று எண்பது ரூபாய்தானே, விட்டுத் தள்ளுங்க சார். இதுக்கெல்லாம் கோர்ட்டு கேஸுன்னு அலைவாங்களா?" என்றார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மை ரீஃபில் செய்து கொடுக்கும் கடைக்காரர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. "இது பழசு, நான் மை ஏற்றித் தருகிறேன், இவ்வளவு ரூபாய்" என்று சொல்லிச் செய்வது நேர்மையான தொழில். ஃபவுண்டன் பேனாவுக்குப் பாட்டிலில் இருந்து மை நிரப்பி வளர்ந்த தலைமுறை நாம். நிப்பு தேயும்வரை அதே பேனாதான். பழசைப் புதுசு என்று சொல்லி விற்பதுதான் திருட்டு. போலி வர்த்தகக் குறியோடு பொருளை விற்பது 1999-ஆம் ஆண்டின் வர்த்தகக் குறிச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சில்லறை விஷயம் இல்லை.

இந்தத் திருட்டுக்கு இடம் கொடுத்தது யார் என்றும் கேட்க வேண்டும். பிரிண்டர் கம்பெனிகளின் கணக்கு ஊரறிந்தது. மிஷினை மலிவாகக் கொடுத்து, மையில் காசு பார்ப்பது. என் பெட்டியில் 'நிகர அளவு' என்ற இடத்தில் என்ன போட்டிருந்தது தெரியுமா? '1 எண்ணம்'. பால் பாக்கெட்டில் 500 மில்லி என்று இருக்கிறது. தலைக்கு வைக்கும் எண்ணெயில் மில்லி இருக்கிறது. மைக்கு மட்டும் 'ஒன்று'! உள்ளே எத்தனை சொட்டு என்று கேட்டால், இத்தனை பக்கம் வரும் என்கிறார்கள். அந்தப் பக்கக் கணக்கு சோதனைக்கென்று வைத்திருக்கும் மாதிரித் தாள்களை நிறுத்தாமல் அச்சடித்துப் பார்ப்பது. வாரத்துக்கு ஒரு முறை பிரிண்டரைப் போடும் என்னைப் போன்றவர்களுக்கு, ஊசித்துளையைச் சுத்தம் செய்வதிலேயே பாதி மை போய்விடும்.

கார்ட்ரிட்ஜில் ஒரு சின்ன சிப்பையும் வைத்தார்கள். வேறு கம்பெனி மையைப் போட்டால் பிரிண்டர் வேலை செய்யாது என்று அது தடுக்கும். 2016 செப்டம்பரில் உலகமெங்கும் பல ஹெச்.பி. பிரிண்டர்கள் திடீரென்று மாற்றுக் கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தது பெரிய செய்தியானது. இந்தக் கட்டுப்பாட்டை வாங்குபவர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 டிசம்பரில் அந்த நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் நிறுவனம், காலி கார்ட்ரிட்ஜில் மை நிரப்பி விற்ற ஒரு சிறு நிறுவனத்தின் மேல் காப்புரிமை வழக்குப் போட்டது. 2017-இல் உச்ச நீதிமன்றம், ஒரு பொருளை விற்றுவிட்டால் அதன் மேல் உனக்கிருந்த காப்புரிமையும் அதோடு முடிந்தது என்று தீர்ப்புச் சொன்னது. நியாயமான மாற்று மையைப் பூட்டுப் போட்டுத் தடுத்தால், அநியாயமான போலி கொல்லைப்புறமாக வரத்தானே செய்யும்?

ஆனால் கம்பெனி செய்யும் அநியாயம் கடைக்காரரின் திருட்டுக்குச் சமாதானம் ஆகாது. இரண்டும் வந்து விழுவது நம் தலையில்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பில் இல்லையே என்று சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது என் பேத்தி, "தாத்தா, நீங்க போன்லதானே காசு அனுப்பினீங்க?" என்றாள். தேதி, நேரம், கடையின் பெயர், 880 ரூபாய் எல்லாம் போனில் அப்படியே இருந்தது. அதைப் படமெடுத்து, கார்ட்ரிட்ஜின் ஓட்டையையும் படமெடுத்து, கடைக்காரருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். அதில் திட்டு எதுவும் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47) என்ன சொல்கிறது என்று மட்டும் எழுதினேன். பில் கொடுக்காமல் விற்பது முறையற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறை. அவர் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகையால் இந்தச் சட்டத்தை மறைக்க முடியாது என்று முடித்தேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்தேன்.

பதினாறாம் நாள் கடையிலிருந்து போன் வந்தது. "எதுக்குங்க சார் இதெல்லாம், நேர்ல வந்தா கொடுத்திருக்க மாட்டோமா?" நேரில் வந்தேனே ஐயா! பணம் வந்தது. கார்ட்ரிட்ஜைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தேன். ஆனால் அதற்கு முன் ஆணியால் அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டுத்தான் கொடுத்தேன். இன்னொருவர் வீட்டு மனுவை அது அழிக்கக் கூடாதல்லவா?

பணம் வராமல் இருந்திருந்தால் சேலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். பெட்டியில் விலை, மாதம், தயாரித்தவர் முகவரி இல்லாமலோ திருத்தியோ இருந்தால் தொழிலாளர் துறையிடம் சொல்லலாம். நம் மாநிலத்தில் எடை அளவுச் சட்டத்தைக் கவனிப்பது அவர்கள்தான்.

நண்பர்களே, 'எண்ணூற்று எண்பது ரூபாய்தானே' என்கிறீர்கள். பென்ஷன் வாங்கும் நமக்கு அது போனால் போகும். ஆனால் நம் பெருந்தன்மையை நம்பித்தான் அந்தக் கடைக்காரர் அடுத்த பெட்டியை ஒட்டுகிறார். அது அடுத்து யார் கையில் போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாது. எங்கள் தெருக்கோடி அம்மாவுக்கு அது இரண்டு நாள் கூலி. அந்த இரண்டு நாளை எந்தக் கடைக்காரரும் திருப்பித் தரவில்லை. நான் கொடுக்கப் போனபோது, "அட போங்க சார்" என்று வாங்க மறுத்துவிட்டார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கடைக்காரர் "பில் வேணுங்களா?" என்று கேட்டால், "வேணும்" என்று சொல்லுங்கள். 140 ரூபாய் கூடப் போனாலும் சொல்லுங்கள். நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்டதற்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன்.