நோயாளி ஏன் வாய் திறப்பதில்லை?

"ஆஸ்பத்திரியில் கவனிப்பு எப்படி?" என்று எமது கிராமங்களில் கேட்டால், "குறையில்லை" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். இதனைத் திருப்தி என்று எடுத்துக்கொள்ளலாமா? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்ற எண்ணமே பலரை இவ்வாறு சொல்லவைக்கிறது. ஆனால் அரசாங்க வைத்தியம் தானமன்று. கடையில் பொருள் வாங்கும்போது ஏழை செலுத்தும் வரியும் அதில் அடங்கியுள்ளது.

வைத்தியத்தின் தரத்தை அமைப்பு, செயன்முறை, விளைவு என மூன்றாக நோக்கலாம் என 1966இல் அவெடிஸ் டொனபேடியன் என்ற அறிஞர் எழுதினார். கட்டடமும் மருந்தும் ஆளணியும் அமைப்பைச் சேர்ந்தவை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது அவற்றின் அருமையை அனைவரும் உணர்ந்தோம். ஆயினும் நோயாளியின் மனதில் பதிவது, தான் எவ்வாறு நடத்தப்பட்டேன் என்பதே. விடியற்காலை பஸ் ஏறி வந்து, நண்பகல்வரை வாங்கில் காத்திருந்து, இரண்டு நிமிடத்தில் மருந்துத் துண்டுடன் வெளியேறும் தாய், தன் நோய் என்னவென்று அறியாமலே வீடு திரும்புகிறாள்.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் 74 வைத்தியச் சந்திப்புகளை ஆராய்ந்து 1984இல் வெளியான ஆய்வொன்று, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 செக்கனில் வைத்தியர் குறுக்கிட்டதாகக் கண்டது. நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கவேண்டிய எமது வைத்தியரின் சுமையையும் நாம் மறக்கலாகாது.

இங்கு மொழியும் ஒரு தடை. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. இருந்தும் வைத்தியருக்குத் தமிழ் தெரியாத இடங்களில், பக்கத்துக் கட்டில்காரரே மொழிபெயர்ப்பாளராகிறார். அந்நியர் வாய்வழியே ஒரு பெண் தன் வருத்தத்தை முழுமையாகச் சொல்வாளா? பாதி சொன்ன நோய்க்குப் பாதி வைத்தியமே கிடைக்கும்.

பெரும் பணமின்றியே செய்யக்கூடியவை பல உண்டு. குளிசைப் பையில் வேளையைத் தமிழிலும் எழுதலாம். கிளினிக்குக்கு வருவோரை ஊர் ஊராக வெவ்வேறு நேரத்துக்கு அழைக்கலாம். பரிசோதிக்கும் இடத்தை ஒரு திரையால் மறைக்கலாம்.

சுகாதாரப் பராமரிப்பைத் திட்டமிடுவதில் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் என 1978இன் அல்மா ஆட்டா பிரகடனம் கூறியது. எனவே கிராமச் சங்கங்கள் இவற்றைக் கலந்துரையாடி, எழுத்தில் வைத்தியசாலை நிர்வாகத்திடம் முன்வைக்கவேண்டும். தனியொருவர் கேட்டால் அது முறைப்பாடாகும். ஊர் கூடிக் கேட்டால் அது ஆலோசனையாகும்.