பருவ இறுதியில் ஒரு பிற்பகல்

வடசென்னையின் பெற்றோர்க்குக் கல்லூரி என்பது ஒரு காலத்தில் நகரின் மறுபாதிக்குச் சொந்தமான வஸ்துவாகவே தோன்றியது. பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயர் பெயரால் ஒரு கல்லூரியும், 1964-இல் பாரதி மகளிர் கல்லூரியும், பின்னர் வியாசர்பாடியில் அம்பேத்கர் பெயர் தாங்கிய அரசு கலைக் கல்லூரியும் தோன்றிய பிறகுதான், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், காசிமேட்டில் வலை இழுத்தவர், திருவொற்றியூர் ஆலைகளில் சங்கொலிக்கு எழுந்தவர் ஆகியோரின் மக்கள் பட்டம் பெறுவது அண்டை அயலில் நடக்கும் காரியமாயிற்று. அரசும் தன் பங்குக்கு 2022-இல் ‘நான் முதல்வன்’, ‘புதுமைப் பெண்’ திட்டங்களையும், 2024-இல் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தையும் கொண்டுவந்திருக்கிறது. அவை நன்மை விளைத்தன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், கல்லூரி வாசலைக் கடந்து வந்த மாணவி மூன்றாம் பருவத்தில் ஏன் நின்றுவிட்டாள் என்பதைக் கோட்டையிலிருந்து பார்த்து அறிய முடியாது; அது அந்தக் கல்லூரிக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே, அதுவும் துண்டுதுண்டாகவே, தெரிந்த விஷயம்.

ஒரு வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தால், முதல் மணி நேரத்துக்கு நேராக ஒரே பெயர்களின்மேல் ‘ஆப்சென்ட்’ திரும்பத் திரும்ப விழுந்திருக்கும். பாடம் நடத்துகிறவருக்கு அது அசிரத்தை. பஸ் பாஸ் விண்ணப்பங்களை வாங்கும் அலுவலக எழுத்தருக்கோ, அவர்களில் பலர் எண்ணூரிலிருந்து வருகிறவர்கள் என்பதும், துறைமுகத்துக்குக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் அவர்களுடைய பஸ் சிக்கிக்கொள்கிறது என்பதும் தெரியும். அதே பேட்டையில் வளர்ந்த கௌரவ விரிவுரையாளருக்கு, எஞ்சியவர்களில் சிலர் விடியுமுன் மீன் ஏலத்தில் தாய்க்குக் கூடை எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் என்பது தெரியும். மூவரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தால், 75 விழுக்காடு வருகை இல்லையென்று அபராதம் கட்டச் சொல்வதற்கு முன்பே, முதல் மணி நேரத்தில் எந்தப் பாடத்தை வைக்கலாகாது என்றாவது யோசித்திருப்பார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். பருவத் தேர்வும், புதிய சேர்க்கையும், அடுத்த ஆண்டுக் கட்டணமும் ஏறக்குறைய இந்த நாட்களையொட்டியே வருகின்றன. அதாவது, மீனவக் குடும்பத்தில் கையில் காசு இல்லாத வேளையாகப் பார்த்துக் கல்லூரி கை நீட்டுகிறது. தொகை சிறிதுதான். சிறிது என்பதாலேயே எவர் கண்ணிலும் படுவதில்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம், அற்ப நிலுவைக்காகப் படிப்பை விட்டுப் போகிறவர்கள் யார் என்று தன் கணக்குகளையே ஆராய்ந்து பார்த்து, 2011 முதல் அத்தகையோருக்குச் சிறு உதவித்தொகை அளித்து மீட்கத் தொடங்கியது. அங்கே முதலில் தேவைப்பட்டது பெரும் நிதியன்று. தன் பட்டியலைத் தானே உற்றுப் பார்க்கும் வழக்கம்.

அந்த வழக்கத்துக்கு நம் நாட்டில் விதியும் படிவமும் இல்லாமலில்லை. தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழுவான ‘நாக்’ வகுத்தபடி, அதன் சான்று பெற்ற ஒவ்வொரு கல்லூரியிலும் உள்தர உறுதிக் குழு ஒன்று உண்டு. ஆசிரியர், அலுவலர், மாணவர், முன்னாள் மாணவர், உள்ளூர்ப் பிரமுகர் ஆகிய எல்லோரும் அதில் அங்கம் வகிக்க வேண்டும். ஏற்பாடு உத்தமமானது. ஆயினும் பல இடங்களில் அதன் பிரயத்தனமெல்லாம் ஆண்டறிக்கைக்கு இருப்பிடக் குறியிட்ட புகைப்படம் சேர்ப்பதிலேயே செலவாகிறது. விழா நடந்தது என்பதற்குப் படம் இருக்கிறது, யார் அவ்விழாவுக்கு வரவில்லை என்பதற்குக் குறிப்பு இல்லை.

குறிப்பு இல்லாமையின் விளைவு இடமாறுதல் கலந்தாய்வுக்குப் பின் தெரியும். ஆங்கிலத்தில் தடுமாறும் முதலாண்டு மாணவருக்கு மாலையில் தனி வகுப்பு எடுத்துவந்த பேராசிரியர் வேறு ஊருக்கு மாற்றலாகிறார். அவரோடு அந்த வகுப்பும் வண்டியேறிவிடுகிறது. கௌரவ விரிவுரையாளர்களின் நிலையோ இன்னும் பரிதாபம். அரசு கல்லூரிகளில் பாடச்சுமையின் பெரும்பகுதியைத் தோளில் தாங்கும் அவர்களுக்கு, கூட்டத்தில் அபிப்பிராயம் சொல்லும் உரிமை பெரும்பாலும் மரியாதைக்குக்கூடக் கிடைப்பதில்லை. மாணவனை மிக நெருங்கி அறிந்தவரை வெளியே நிறுத்திவிட்டுச் சமத்துவத்தைப் பற்றி உள்ளே தீர்மானம் இயற்றுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

காமராசர் முதலமைச்சராயிருந்த நாட்களில், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்ற பெயரில் ஆசிரியரையும் ஊராரையும் ஒருங்கே கூட்டி, தங்கள் பள்ளிக்கு என்ன குறை என்பதை அவர்களையே பட்டியலிடச் செய்து, அவற்றை அவர்களைக் கொண்டே நிறைவேற்றுவித்தார். கரும்பலகையும் மணியும் நாற்காலியும் அப்படி வந்து சேர்ந்த பள்ளிகள் பல. கல்லூரிகளுக்கு அத்தகைய வழக்கம் வாய்க்கவில்லை. அறிஞர்கள் கூடுமிடத்தில் குறை கேட்பது கௌரவக் குறைவென்று கருதப்பட்டதோ என்னவோ!

நேரமில்லை என்பார்கள் ஆசிரியர்கள், அது பொய்யன்று. அவர்கள் நிரப்பும் படிவங்களைப் பார்த்தால் பாடம் நடத்தப் பொழுது கிடைப்பதே ஆச்சரியம். ஆகையால், பருவ இறுதியில் ஒரு பிற்பகலைத் துறைவாரியாக ஒதுக்கி, கௌரவ விரிவுரையாளரும் எழுத்தரும் மாணவர் இருவரும் உடனிருக்க, நின்றுபோனவர் யார், ஏன், போன பருவத்தில் செய்வதாக எழுதியதில் எது நடந்தது என்று பேசி, அதைப் புதிதாக வருபவர் படிக்கும்படி ஒரு சாதாரண நோட்டில் எழுதிவைக்குமாறு உயர்கல்வித் துறை சொல்ல வேண்டும்; அதற்கு ஈடாக இப்போது கேட்டுவரும் அறிக்கைகளில் இரண்டையாவது கைவிட வேண்டும். எவற்றைக் கைவிடலாம் என்று ஆசிரியர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள்.