எட்டு மணி நேரம், தனியாக

கல்லூரி முதலாண்டு என்றாலே நமக்கு ராகிங்தான் நினைவுக்கு வருகிறது. அதைத் தடுக்கத் தமிழ்நாடு 1997ல் சட்டம் போட்டது. 2009ல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிகள் கொண்டுவந்தது. புதிதாக வருபவரை யாரும் துன்புறுத்தக் கூடாது, சரி. அவர் யாரோடு உட்கார்ந்து படிப்பார்?

இதை ஆராய்ந்தவர் யூரி ட்ரைஸ்மன். 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். அங்கே முதலாண்டு கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் பலர் தோற்றார்கள். சீன வம்சாவளியினர் தேறினார்கள். காரணம் கேட்டபோது ஆசிரியர்களிடம் பதில் தயாராக இருந்தது: ஆர்வமில்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஊக்கமில்லை, வறுமை. (நம் பேராசிரியர்களின் ஓய்வறையிலும் இதே பட்டியல்தான், இனத்துக்குப் பதில் சாதி.) ட்ரைஸ்மன் இரு தரப்பிலும் தலா 20 பேரோடு ஒன்றரை ஆண்டு பழகிப் பார்த்தார். நான்கு காரணங்களும் பொய்த்தன.

கறுப்பின மாணவர்கள் சோம்பேறிகள் அல்ல. ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் படிக்கச் சொல்லியிருந்தார்கள். கணக்குப் போட்டு வாரம் எட்டு மணி நேரம் படித்தார்கள். ஆனால் தனியாக. சீன மாணவர்களும் தனியாகப் படித்தார்கள். பிறகு மாலையில் கூடி, சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு, விடைகளை ஒப்பிட்டார்கள். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால் அது கஷ்டமான கணக்கு என்று தெரிந்துவிடும். தனியாக இருப்பவர் தன் மூளையைத்தான் சந்தேகிப்பார்.

1970களின் கடைசியில் ட்ரைஸ்மன் பயிற்சிக் குழுக்களைத் தொடங்கினார். வகுப்பில் தருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சேர்ந்து உட்கார்ந்து போடச் சொன்னார். இது பின்தங்கியவர்களுக்கான ஏற்பாடு என்று சொல்லவே இல்லை. திறமைசாலிகளுக்கான திட்டம் என்றுதான் அழைத்தார். மதிப்பெண்கள் ஏறின. 1988ல் ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்திலும் இந்த முறை வந்தது.

நாமோ 'ரெமடியல்' வகுப்பு வைக்கிறோம். அதற்குத் தமிழில் 'குறைதீர் கற்பித்தல்' என்று பெயர். குறை யாரிடம் என்பது அந்தச் சொல்லிலேயே தீர்மானமாகிவிட்டது. மொழிபெயர்ப்பில் பிசகில்லை, மூலமே அப்படித்தான்.

பொறியியல் கல்லூரிகளுக்கு 2017ல் மூன்று வார அறிமுகப் பயிற்சி வந்தது. 2019ல் மானியக் குழு 'தீக்ஷாரம்ப்' என்ற பெயரில் மற்றக் கல்லூரிகளுக்கும் அதை விரித்தது. யோகா, சொற்பொழிவு, ஊர் சுற்றிப் பார்த்தல். நல்லதுதான். நான்காவது வாரம் பாடம் ஆங்கிலத்தில் ஓட ஆரம்பிக்கிறது. ஒரே கோச்சிங் சென்டரிலிருந்து வந்தவர்களுக்குக் கூட்டம் ஏற்கனவே இருக்கிறது. தமிழிலோ இந்தியிலோ படித்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஒரு வகுப்பறை, பாடம் தெரிந்த ஒரு சீனியர், கடினமான பத்துக் கணக்குகள், வாரம் இரண்டு மாலை போதும். பல கல்லூரிகளில் ஐந்து மணிக்கு வாட்ச்மேன் வகுப்பறைகளைப் பூட்டிவிடுகிறார்.