சின்ன வீட்டுக்கு வெள்ளைதான் என்று யார் சொன்னது?

"சின்ன வீடா? வெள்ளை அடிச்சிருங்க, பெருசா தெரியும்."

(தலைப்பைப் பார்த்து வேறு கதை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க.)

ஜொகூரில் யார் வீடு வாங்கினாலும் காதில் விழும் வாக்கியம் இது. ரெனவேஷன் செய்பவர் சொல்கிறார், யூடியூப் சொல்கிறது, ஸ்கூடாயில் என்னோடு பொறியியல் படித்தவர்களும் சொல்கிறார்கள். வெள்ளை அலுத்தவர்களுக்குச் சாம்பல். அதுவும் அலுத்தால் ஒரு பழங்கஞ்சி நிறம். மொத்தத்துக்கும் பெயர் 'மினிமலிஸ்ட்'. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ரசனை பிடிக்கவில்லை என்பது மட்டும் காரணம் அல்ல.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். உண்மைதான். ஆனால் திருப்பி அனுப்ப முதலில் ஒளி வந்து விழணுமே? 1984-ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச்சட்டங்கள் குடியிருக்கும் அறையின் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு அளவுக்குச் சன்னல் கேட்கின்றன. நாம் என்ன செய்கிறோம்? முன்பக்கம் கார் நிறுத்தக் கூரையை இழுத்து விடுகிறோம். பின்பக்கம் அடுப்படியை வேலிவரை நீட்டுகிறோம். 20 அடி அகலத்தில் நீண்டு கிடக்கும் வரிசை வீட்டின் நடு அறை குகையாகிவிடுகிறது. அந்தக் குகைக்குள் அடித்த வெள்ளை வெள்ளையாகத் தெரியாது, துவைத்துத் துவைத்துப் பழுத்த பனியன் மாதிரிதான் தெரியும். பகல் 12 மணிக்கும் விளக்குப் போட வேண்டிய அறையில் செங்காவியோ ஆழ்ந்த மஞ்சளோ அடித்துப் பாருங்கள், அந்த விளக்கொளிக்கே ஒரு முகம் வரும். ஒளியைப் பரப்பும் வேலைக்கு உட்கூரையை வெள்ளையாக விட்டால் போதும்.

வெள்ளைச் சுவருக்கு உலகமெங்கும் சாட்சியாக இழுக்கப்படும் லெ கொர்பூசியே என்ன செய்தார் தெரியுமா? பிரான்சின் பெசாக்கில், சர்க்கரை ஆலை முதலாளி ஃப்ரூஜேஸுக்காக 1926-இல் அவர் முடித்த தொழிலாளர் குடியிருப்பில் வீடுகள் நெருக்கியடித்து நின்றன. நெருக்கம் தெரியாமல் இருக்க அவர் நாடியது வண்ணத்தைத்தான். வெளிர்நீலம் பின்னால் விலகுவதுபோல் தெரியும், வெளிர்பச்சை மரத்தோடு கலந்துவிடும், பழுப்பு நின்ற இடத்தில் ஊன்றி நிற்கும். அதற்கும் முன்பே, பெர்லினின் ஃபால்கென்பெர்க்கில் ப்ரூனோ டவுட் சின்னச் சின்ன வீடுகளுக்கு நீலம், சிவப்பு, மஞ்சள் என்று அடித்தார். ஊர் சிரித்தது. 'சாயப்பெட்டிக் குடியிருப்பு' என்று பட்டப்பெயர் வைத்தது. 2008-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது.

இனி நம் கதைக்கு வருவோம். என் பாட்டி குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கும். மலிவு, பூச்சி அண்டாது. வீடும் தோட்டத்தினுடையது, சுண்ணாம்பும் தோட்டத்தினுடையது. வேலை போனால் வீடு போகும். பாட்டி சொந்தக் காசில் சாயம் அடித்தது கதவு நிலைக்கு மட்டும்தான். நீலம்.

அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் தோட்டத்தை விட்டு வெளியேறி மலிவு விலை வீட்டுக்கும் பிளாட்டுக்கும் வந்தார்கள். பி.பி.ஆர் வீடு என்றால் 700 சதுர அடி, மூன்று அறை. முதல்முறையாக 'என் சுவர்' என்று சொல்ல ஒரு சுவர் கிடைத்தது. தீபாவளிக்குத் தீபாவளி கிளிப்பச்சை, ரோஸ், கத்தரிப்பூ நிறம் என்று அடித்துத் தள்ளினார்கள். அந்த வீடுகளில் வளர்ந்து பட்டம் வாங்கிய நாம்தான் இன்று முகம் சுளிக்கிறோம். "இந்தியன் வீட்டுக் கலர்" என்று நாமே சொல்கிறோம். கதை எழுதுகிற நண்பர்களும் ரசனைக்கேட்டைக் காட்டணும் என்றால் உடனே ஒரு ரோஸ் சுவரை எழுப்பிவிடுகிறார்கள். போதும் ஐயா.

மாசாயில் என் அத்தை தன் வீட்டை வாடகைக்கு விடலாமா என்று யோசித்தபோது பார்க்க வந்த ஏஜெண்டு, வரவேற்பறையின் பச்சையைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இந்தக் கலர் இருந்தா இந்தியர் மட்டும்தான் வருவாங்க" என்றார். சொன்னவரும் தமிழர். 'இந்தியர்களுக்கு இல்லை' என்று வாடகை விளம்பரம் போடுகிற நாட்டில், அந்த விளம்பரம் சொல்வதைச் சுவரிலும் அடித்துக்கொள்ளச் சொல்கிறார். நியூட்ரல் கலராம். யாருக்கு நியூட்ரல்?

2018 ஆகஸ்டில் பத்துமலையின் 272 படிகளுக்கு வண்ணம் அடித்தபோதும் இதே முகச்சுளிப்பு. அனுமதி வாங்கவில்லை என்று தேசிய மரபுடைமைத் துறை கேள்வி எழுப்பியது சட்டப் பிரச்சினை, அது வேறு. ரசனை பற்றிப் பேசியவர்களைத்தான் சொல்கிறேன். இன்று அந்தப் படியில் நின்று படம் எடுக்காத சுற்றுப்பயணி உண்டா?

"நாளைக்கு விக்கணும்ல?" என்பது கடைசி அஸ்திரம். வீட்டுக் கடன் 35 ஆண்டு வரை போகிறது. என்றோ வரப்போகிற யாரோ ஒருவருக்காக நம் இளமை முழுவதும் பழங்கஞ்சிக்குள் உட்கார்ந்திருக்கணுமா? பத்துக்குப் பத்தடிச் சுவர் ஒன்றுக்கு இரண்டு பூச்சு அடிக்க இரண்டு லிட்டர் சாயம் போதும். வருகிறவருக்குப் பிடிக்கவில்லையென்றால் அவரும் இரண்டு லிட்டர் வாங்கட்டும். அடுக்குமாடியில் வெளிச்சுவரின் நிறத்தை நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் மாற்ற முடியாது. சரி, உள்ளே யார் தடுத்தது?

அத்தை வீட்டை வாடகைக்கு விடவில்லை. இந்தத் தீபாவளிக்கு மாம்பழ மஞ்சள் வேண்டுமாம். மஞ்சளுக்கு மறைக்கும் சக்தி குறைவு, பழைய பச்சை கீழேயிருந்து எட்டிப் பார்க்கும், முதலில் வெள்ளையில் ஓர் அடிப்பூச்சு அடிக்கணும் என்று சொல்லியிருக்கிறேன்.

"வெள்ளையா?" என்றார் அத்தை. "அடியில இருந்துட்டுப் போகட்டும்."