செக்கும் சிரிப்பும்

எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் முற்றத்தில் சென்ற திங்களில் இரண்டு இரவுகள் வெண்திரை கட்டினோம். முதல் இரவு ‘கப்பலோட்டிய தமிழன்’. மறு இரவு ‘காதலிக்க நேரமில்லை’. முதல் இரவு, விரித்த பாய்களில் பாதி விரித்தபடியே கிடந்தன. மறு இரவோ பாய் போதவில்லை, திண்ணை போதவில்லை. எதிர்வீட்டு மதில்மேலும் சிறுவர் கூட்டம்! திரையைச் சுருட்டும்போது தோழர் ஒருவர் குமுறினார்: “செக்கிழுத்த செம்மலுக்குப் பத்துப் பேர், செல்லப்பாவின் சேட்டைக்குப் பத்துத் தெரு! இந்த மக்களுக்காகவா நாம் பாடுபடுகிறோம்?”

குமுறலிலே நியாயம் உண்டு. தீர்ப்பிலே பிழை உண்டு. அதைக் கூறவே இந்த ஞாயிற்றுக் கட்டுரை.

முன்னது, 1961-இல் பி.ஆர். பந்துலு எடுத்த படம். ம.பொ. சிவஞானம் எழுதிய வரலாற்றைத் தழுவியது. வ.உ. சிதம்பரனாராகச் சிவாஜி கணேசன், பாரதியாக எஸ்.வி. சுப்பையா, சுப்பிரமணிய சிவாவாக டி.கே. சண்முகம். தேசிய விருது வந்தது, வசூல் வரவில்லை. பின்னது, 1964-இல் ஸ்ரீதர் எடுத்த வண்ணப்படம். வெள்ளிவிழா கண்டது, தெலுங்குக்கும் இந்திக்கும் சென்றது.

1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டார் சிதம்பரனார். 1908-இல் இரட்டை ஆயுள் தண்டனை, நாற்பது ஆண்டு என்றார் நீதிபதி. மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912-இல் வெளிவந்தபோது கப்பல் இல்லை. கொட்டு முழக்கம் இல்லை. வரவேற்க ஊர் திரளவில்லை. அன்று சிறைவாயிலில் காணாத கூட்டத்தை, 1961-இல் கொட்டகை வாயிலிலும் காணோம்! நெஞ்சு நோகிறது, நோகத்தான் வேண்டும்.

ஆயினும், சிரித்தவனைச் சினந்து பயனென்ன? அவன் எதைக் கண்டு சிரித்தான்? வேலையிலிருந்து விரட்டப்பட்ட இளைஞன், முதலாளியின் மாளிகைக்கு எதிரிலேயே கூடாரம் அடித்து, வேலையைத் திருப்பிக் கேட்கிறான். பணக்காரச் சம்பந்தம் தேடும் பாலையா, பொய்த்தாடி வைத்த போலிச் செல்வரிடம் பல்லிளித்து ஏமாறுகிறார். பணத்திமிரைக் கண்டு சிரிக்கத் தெரிந்தவன், பகுத்தறிவற்றவனா? அல்லன், தோழரே, அல்லன்!

குறையும் சொல்வேன். கூடாரம் அடித்தவன் வென்றது உரிமையால் அல்ல, வேடத்தால். வேலை கேட்டவன் மாப்பிள்ளை ஆனான். கேட்ட கேள்வி மறைந்தது. தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேடம் போடவில்லை. 1908 பிப்ரவரி 27 அன்று வேலையை நிறுத்தினர். சிதம்பரனாரும் சிவாவும் துணை நின்றனர். ஒன்பதே நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

ஞாயிறு விடுமுறை! சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். ஓய்வின்றி ஆலையிலே உழன்றவனுக்குக் காதலிக்க ஏது நேரம்? கைகொட்டிச் சிரிக்க ஏது நேரம்? அந்த நேரத்தைப் பெற்றுத்தந்தோர் வரிசையில், செக்கிழுத்த கரங்கள் முன்னே நிற்கின்றன. ஸ்ரீதரின் படம் வெளிவந்ததும் ஒரு பிப்ரவரி 27. தற்செயல்தான், ஆயினும் சிரிப்புக்குச் செக்கு பகையல்ல, செக்கு தந்த கொடையே சிரிப்பு என்று அந்நாள் எனக்குச் சொல்கிறது.

இனி என் குற்றத்தை ஒப்புகிறேன். தியாகி ஒருவரைப் பற்றி நான் எழுதிய நாடகத்தில், இரண்டாம் காட்சியிலேயே பாதிப் பேர் தேநீர்க் கடைக்கு எழுந்து சென்றனர். மக்களைத் திட்டினேன். பின்னர் என் ஏட்டைப் புரட்டினேன். தியாகி பசிக்கவில்லை, தயங்கவில்லை, ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. மனிதனை எழுதவில்லை நான், சிலையை எழுதியிருந்தேன். சிலைமுன் எவர்தாம் மூன்று மணி நேரம் அமர்வர்?

நாகேஷைப் பாருங்கள். காட்சி இல்லை, கருவி இல்லை. குரலும் கண்ணும் கொண்டே கதை சொல்லிப் பாலையாவை நாற்காலியில் நடுங்கவைக்கிறார். மேடையேறும் நமக்கு அது பாடம். கேட்பவன் முகம் பார்த்துச் சொல்லும் கலையைச் சிரிப்பு நடிகனிடம் கற்றால் இழுக்கா?

அதே செல்லப்பாவிடம் எச்சரிக்கையும் உண்டு. ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று பலகை இருக்கிறது, படம் இல்லை! சிதம்பரனாரோ பலகை மாட்டியதோடு நிற்கவில்லை. கடலிலே கப்பல் விட்டார். கொடியேற்றிவிட்டுக் கதவைப் பூட்டும் நம் கிளைகள் எந்த வகை? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள், தோழர்களே!

அடுத்த திங்கள் மீண்டும் திரை கட்டுவோம், சிதம்பரனாரையே காட்டுவோம். ஆனால் அதற்குமுன் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் அமர்வோம், “உங்கள் ஞாயிற்றுக்கிழமை எப்படி வந்தது தெரியுமா?” என்று கதையைத் தொடங்குவோம். பாய் நிறையவில்லையெனில், பழி மக்கள்மீதன்று. சொல்லத் தெரியாத நம்மீது!