மண்ணுக்குள் பள்ளிகொண்ட செல்வம்

சென்ற வாரம் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் சாயரட்சை முடிந்து திருச்சுற்றில் அமர்ந்திருந்தேன். கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் நால்வர் அருகில் வந்தனர். "தாத்தா, படையெடுப்புக் காலத்தில் நந்தவனத்து மகிழமரத்தடியில் புதையல் வைத்தார்களாமே, உண்மையா?" என்றனர். ஒருவன் கையில் கடப்பாரை இருந்தது.

"என் பாட்டனாரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் புதைத்தவர்கள் எதைக் காக்க விழைந்தார்கள் என்று அவரை நான் கேட்கவில்லை" என்றேன். பிறகு அறிந்ததைச் சொன்னேன்.

பகைவர் படை வரும் காலத்தில் செய்ய வேண்டியதை வைகானச ஆகம நூலாகிய விமானார்ச்சன கல்பம் விதித்திருக்கிறது. மறைவிடத்தில் குழி தோண்டி மணல் பரப்ப வேண்டும். அபாயம் நீங்கும்வரை பூமிதேவியுடன் பள்ளிகொண்டருளுமாறு எம்பெருமானை வேண்டித் திருமேனியை அதில் எழுந்தருளச் செய்ய வேண்டும்.

புதைக்க இயலாதபோது சுமந்து சென்றார்கள். மொகலாயப் படைக்கு அஞ்சி 1688-இல் காஞ்சி வரதர் உடையார்பாளையம் சென்றார், 1710-இல்தான் திரும்பினார். இடைப்பட்ட 22 ஆண்டுகளில், மீண்டும் சேவிப்போம் என்று ஏங்கியபடியே கண்மூடிய காஞ்சி அடியார் எத்தனை பேரோ!

2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காக மண் தோண்டினர். 20-க்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும் 400-க்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் வெளிவந்தன. மண்ணுக்குள் காத்திருந்தவை இறைவன் திருவுருவமும் அவனைப் பாடிய தமிழுமே.

"ஆகவே, பிள்ளைகளே, புதைத்தவர்கள் பக்தியோடு புதைத்தார்கள். ஆசையோடு தோண்டலாகாது. தற்செயலாக ஏதேனும் கிடைத்தாலும் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது" என்றேன்.

கடப்பாரை தரையில் சாய்ந்தது. சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஒருவன், "தாத்தா, உங்கள் பாட்டனார் வேறென்ன சொன்னார்?" என்று குறிப்பேட்டைத் திறந்தான். நினைவைத் துழாவினேன். பாதிக் கதைதான் மிஞ்சியிருந்தது. மீதியை நான் கேட்காமலே இழந்துவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

அன்பர்களே, நம் ஊர்க் கோயிலின் வரலாறு நம்மில் பலருடைய நெஞ்சில் மட்டுமே இருக்கிறது. நம்மோடு அது மறைந்தால் எந்த மண்ணைத் தோண்டியும் மீட்க இயலாது. இன்று விளக்கேற்றியபின் பேரப்பிள்ளைகளை அருகில் அமர்த்திச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.