ஹெல்மெட்டோடு முடிந்துவிடும் விசாரணை

கட்டட வேலையில் ஒருவர் விழுந்து இறந்தால், போலீஸ் வந்து சேருமுன்பே காரணம் தயாராகிவிடுகிறது. "ஹெல்மெட் கொடுத்தோம், போடலை." "பெல்ட் இருந்தது, மாட்டலை." காண்டிராக்டர் சொல்வதையே இன்ஜினீயரும் சொல்கிறார்; டீக்கடையில் பேப்பர் படிப்பவரும் தலையாட்டுகிறார். தொழிலாளியின் அஜாக்கிரதைதான் விபத்துக்குக் காரணம் என்பது யாரும் சோதித்துப் பார்க்காமலே ஏற்றுக்கொண்ட நம்பிக்கை. அது தவறானது. அடுத்த சாவுக்கு வழிசெய்து கொடுப்பதும் அதுதான்.

புதுச்சேரி மரப்பாலம் வசந்த நகரில் 2024 மார்ச் 31 அன்று வாய்க்கால் வேலை நடந்துகொண்டிருந்தபோது மின்துறையின் மதில் சுவர் சரிந்து ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். பிழைப்புக்காக அரியலூர் பக்கமிருந்து வந்தவர்கள். அவர்களில் யாருடைய அஜாக்கிரதை அந்தச் சுவரைச் சாய்த்தது? மதிலையொட்டி எங்கே தோண்டுவது, எவ்வளவு ஆழம் போவது, முட்டுக் கொடுப்பதா வேண்டாமா என்பதையெல்லாம் மண்வெட்டி பிடிப்பவர் முடிவு செய்வதில்லை. சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்களே, யாரோ பெல்ட் மாட்டாததாலா அது விழுந்தது?

ஹெல்மெட் அவசியம்தான். ஆனால் அதோடு விசாரணை முடிந்துவிடக்கூடாது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு புள்ளிவிவரமும் துணைக்கு வருவதுண்டு. நூற்றுக்கு 88 விபத்துகள் தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலால் நேர்கின்றன என்று 1931-இல் எழுதினார் அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த ஹெர்பர்ட் ஹைன்ரிச். பாதுகாப்பு வகுப்புகளில் இன்றும் அந்த எண் ஓதப்படுகிறது. அவர் கணக்கெடுத்தது இன்சூரன்ஸ் கோப்புகளையும் ஆலைகளின் பதிவேடுகளையும் வைத்து. அவற்றில் இருந்தது பெரும்பாலும் மேற்பார்வையாளர்கள் சொன்ன காரணம். அடிபட்டவர் சொன்னது அல்ல.

"ஆபத்து தெரிந்தால் சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் ஒரு நாள் சாரத்தடியில் நின்று பார்க்கட்டும். சவுக்குக் கம்பில் விரிசல் விட்டிருப்பது அதன்மேல் ஏறும் கொத்தனாருக்குத்தான் முதலில் தெரியும். சென்ட்ரிங் முட்டு நழுவுவது சித்தாளின் கண்ணில்தான் முதலில் படும். சொன்னால், "பயமாயிருந்தா வீட்டுக்குப் போ" என்கிறார் மேஸ்திரி. போனால் அன்றைய கூலி இல்லை. மறுநாள் கூப்பிடவும் மாட்டார்கள். மேஸ்திரிக்கும் தளம் போட வேண்டிய தேதி கழுத்தை நெரிக்கிறது; அவருக்கு மேலே சப்-காண்டிராக்டர், அதற்கும் மேலே காண்டிராக்டர். இப்படி வாயடைக்கப்பட்டவரைத்தான் அஜாக்கிரதைக்காரர் என்கிறோம். மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் நிர்வாகத்தின் காதுக்கு எட்டுவதே இல்லை.

1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது; அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத் தரப்பைவிடக் குறையக்கூடாது என்றும் சொன்னது. நல்ல ஏற்பாடு. ஆனால் 500 பேராவது வேலை செய்யும் இடங்களுக்குத்தான். புதுச்சேரி லாஸ்பேட்டையில் பத்துப் பேர் எழுப்பும் மூன்று மாடி வீடு அந்தக் கணக்கில் வராது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, உயிருக்கு ஆபத்து என்று அஞ்சும் தொழிலாளி முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம். பதில் வரும்வரை சாரத்தைவிட்டு இறங்கி நிற்கலாம் என்று அது சொல்லவில்லை.

நிர்வாகத்தின் நல்ல மனசை நம்பியிருங்கள் என்று புதுச்சேரித் தொழிலாளியிடம் சொல்வது நியாயமே இல்லை. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியின் சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் மாண்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் 1937-இல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. முதலாளிகள் மனமிரங்கிக் கொடுத்தது அல்ல அது.

பொதுப்பணித் துறை அடுத்த டெண்டரிலேயே தொடங்கலாம். ஆபத்து என்று சொல்லி வேலையை நிறுத்துபவருக்கு அந்த நேரத்துக் கூலியும் மறுநாள் வேலையும் உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும். புகார் வந்த நாளையும் சரிசெய்த நாளையும் எல்லோரும் பார்க்கும்படி பலகையில் போடட்டும். முதல் புகார் வரச் சில மாதங்கள்கூட ஆகலாம். புகார் சொன்னவர் மறுநாளும் அதே இடத்தில் வேலை பார்ப்பதை மற்றவர்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் இரண்டாவது ஆள் வாய் திறப்பார்.